ரோமப் பேரரசின் எல்லையில் ரெஜினாவின் கல்

வரலாற்றுப் பாடத்தில் ரோமப் பேரரசு என்றதும் ஜூலியஸ் சீசர், அகஸ்டஸ், கொன்ஸ்தாந்தைன் என்று ஆட்சியாளர்களின் பெயர்களே முதலில் எமது நினைவுக்கு வருகின்றன. பரீட்சைக்கும் பெரும்பாலும் அவைதான் தேவைப்படுகின்றன. ஆனால் அப்பேரரசின் விளிம்பில், தலைநகரிலிருந்து வெகு தொலைவில் வாழ்ந்து மடிந்த சாதாரண மனிதர்களின் கதை எங்கே இருக்கிறது? அதைத் தேடுவோருக்குப் பெருநகரங்களின் பிரமாண்டமான நூதனசாலைகளைவிடச் சிறிய ஊர்களின் சிறிய நூதனசாலைகளே பல வேளைகளில் கைகொடுக்கின்றன.

அத்தகைய ஒரு நூதனசாலையைப் பற்றியும், அங்குள்ள ஒரு கல்லைப் பற்றியும் இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன். இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் நதி கடலில் கலக்கும் இடத்தில், சவுத் ஷீல்ட்ஸ் என்ற துறைமுக நகரம் உள்ளது. அங்கே இருந்த ரோமக் கோட்டையின் பெயர் ஆர்பியா. நூதனசாலையும் அப்பெயராலேயே அழைக்கப்படுகிறது. நான் அங்கு சென்றதில்லை. படங்களையும் கல்வெட்டு வாசகங்களையும் பார்த்துப் படித்தவற்றையே இங்கு தருகிறேன்.

எல்லை என்றால் என்ன?

கி.பி. 122ஆம் ஆண்டளவில் பேரரசர் ஹேட்ரியனின் ஆணைப்படி, பிரித்தானியாவின் வடபகுதியில் கிழக்குக் கடற்பக்கத்திலிருந்து மேற்குக் கடற்பக்கம் வரை ஒரு மதில் கட்டத் தொடங்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 117 கிலோமீற்றர். மதில் நெடுகிலும் காவற்கோபுரங்களும் கோட்டைகளும் இருந்தன. மதிலின் கிழக்கு முனையிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவில், டைன் நதியின் தென்கரையில், நதிமுகத்தைக் காவல் செய்யும் வகையில் ஆர்பியா கோட்டை அமைந்தது.

கோட்டை என்றதும் வாளும் கேடயமும்தான் எமக்குத் தோன்றும். ஆனால் ஆர்பியாவின் முக்கியத்துவம் தானியத்தில் இருந்தது. கி.பி. 208ஆம் ஆண்டில் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ் இன்றைய ஸ்கொட்லாந்தின் மீது படையெடுக்கப் பிரித்தானியாவுக்கு வந்தார். அக்காலத்தில் ஆர்பியா ஒரு பெரும் களஞ்சியத் தளமாக மாற்றப்பட்டது. கல்லாலான தானியக் களஞ்சியங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டப்பட்டு, இருபதுக்கும் மேற்பட்டவை அக்கோட்டைக்குள் அமைந்தன. ஈரம் ஏறாமலிருக்க அவற்றின் தளம் நிலத்திலிருந்து உயர்த்தப்பட்டு, அடியில் காற்றோட்டத்துக்கு இடம் விடப்பட்டது. கப்பலில் வந்த சரக்குகளில் பொருத்தப்பட்ட ஈய முத்திரைகள் பல இங்கே கிடைத்துள்ளன. சிலவற்றில் செவெரஸின் முகமும் அவரது இரு புதல்வர்களின் முகங்களும் உள்ளன. கி.பி. 222ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு, அங்கிருந்த ஐந்தாம் கோல் படைப்பிரிவின் பாவனைக்காகத் தண்ணீர் கொண்டுவரப்பட்ட செய்தியைக் கூறுகிறது.

பேரரசு ஒன்று நிலைத்திருக்க வீரம் மட்டும் போதாது. தானியமும் நீரும் தினமும் வந்து சேர வேண்டும் என்பதை இந்த ஈயத் துண்டுகளும் கல்வெட்டும் எமக்குக் கற்பிக்கின்றன. அவற்றோடு பல தேசத்து மனிதர்களும் வந்து சேர்ந்தார்கள். கோல் என்பது இன்றைய பிரான்ஸ் பகுதி. ரோமர் காலத்தின் பிற்பகுதியில் தொகுக்கப்பட்ட ஓர் அரச பதவிப் பட்டியலில், ஆர்பியாவில் டைகிரிஸ் நதிப் படகோட்டிகளின் படைப்பிரிவு ஒன்று இருந்ததாகக் குறிக்கப்பட்டுள்ளது. டைகிரிஸ் என்பது இன்று ஈராக்கின் ஊடாக ஓடும் திஜ்லா நதியே. ஆர்பியா என்ற பெயரே 'அரபியர் வாழுமிடம்' என்னும் பொருளுடைய அரமேயச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். வேறு விளக்கங்களும் உள்ளன. எப்படியாயினும், குளிர் காற்று வீசும் அந்த வடகடல் ஓரத்தில் கிழக்கு நாட்டு மொழிகள் பேசப்பட்டன என்பதற்குக் கல்லிலேயே சாட்சி உண்டு.

ஊர் மக்களின் நூதனசாலை

1875ஆம் ஆண்டில் இக்கோட்டைப் பகுதியில் அகழ்வு தொடங்கியது. சுற்றிலும் குடியிருப்பு வீடுகள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. ஆயினும் கண்டெடுக்கப்பட்ட இடிபாடுகளின் ஒரு பகுதி பொதுமக்கள் பார்வையிடும் பூங்காவாகப் பேணப்பட்டது. இன்றுள்ள நூதனசாலை 1953இல் திறக்கப்பட்டது. 1980களில் கோட்டையின் மேற்கு வாயில் பழைய அத்திவாரத்தின் மீதே மீண்டும் எழுப்பப்பட்டது. படைவீரர் குடியிருப்பும் தளபதியின் இல்லமும் அவ்வாறே மீளமைக்கப்பட்டுள்ளன.

காட்சிப் பெட்டிகளில் இரும்பு வளையங்கள் கோத்த மெய்க்கவசமும், கருநிறக் கல்லைச் செதுக்கிச் செய்த ஆபரணங்களும், அன்றாடப் புழக்கத்தில் இருந்த பல பொருட்களும் உள்ளன. அத்தனையிலும் என்னை நிறுத்தி வைத்தது 1878இல் கிடைத்த ஒரு கல்லறைக் கல். கி.பி. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அக்கல் ரெஜினா என்ற பெண்ணுக்காக வைக்கப்பட்டது.

கல்லில் உள்ள பெண்

தூண்களும் முகடும் கொண்ட ஒரு சிறு மாடத்தினுள், பிரம்பு நாற்காலியில் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். நீண்ட அங்கி அணிந்திருக்கிறாள். கழுத்தில் முறுக்கிய கயிறு போன்ற மாலை, கைகளில் காப்புகள். மடியில் நூல் நூற்கும் கதிரும் கம்பளி சுற்றிய கோலும் உள்ளன. ஒரு கை பக்கத்திலிருக்கும் பெட்டியைத் திறக்கிறது. மறுபக்கத்தில் ஒரு கூடை. அதில் கம்பளி உருண்டைகள். எல்லாம் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஆனால் முகம் மட்டும் உடைந்து போயிற்று.

இப்படத்தை வீட்டில் காட்டியபோது என் உம்மும்மா முதலில் பார்த்தது அந்தக் கூடையைத்தான். பன்பாய் இழைத்துப் பழகியவர் அவர். "வேலைக்காரப் புள்ள போல, கையோட சாமான வெச்சிருக்கா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் ஒரு நல்ல பாடம் இருந்தது. நான் கல்வெட்டை வாசிக்க முயன்றுகொண்டிருந்தேன். அவர் அந்தப் பெண்ணின் கைகளை வாசித்தார்.

படத்தின் கீழே லத்தீன் மொழியில் சில வரிகள் உள்ளன. அவை தரும் செய்தி இதுதான்: இறந்தவர் ரெஜினா. வயது 30. கட்டுவெல்லௌனி இனத்தவர். பராதெஸ் என்பவரால் அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்டவர், அவருக்கே மனைவியானவர். பராதெஸ் பல்மைராவைச் சேர்ந்தவர்.

கட்டுவெல்லௌனி இனத்தார் வாழ்ந்த பகுதி லண்டனுக்கு வடக்கே இருந்தது. அதாவது ரெஜினா பிரித்தானிய மண்ணில் பிறந்தவர். ஆனால் தன் சொந்த இடத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வடக்கே அடிமையாக வந்து சேர்ந்தவர். பராதெஸோ சிரியாவின் பாலைவனச் சோலை ஒன்றிலிருந்து பேரரசின் மறு முனைக்கு வந்தவர். லத்தீனில் 'ரெஜினா' என்றால் அரசி என்று பொருள். விலைகொடுத்து வாங்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு அரசி என்று பெயர்.

ஒரு கல், இரண்டு மொழிகள்

லத்தீன் வரிகளுக்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது. அது பல்மைரா நகரின் அரமேய மொழியில், அந்நகருக்கே உரிய எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதப்பட்டுள்ளது. இவ்வெழுத்தை 1754ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு அறிஞர் பார்த்தெலெமி வாசித்து விளக்கியதால்தான் இன்று எமக்கு அதன் பொருள் தெரிகிறது.

இவ்விரு மொழிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அருமையான பயிற்சியாகும். லத்தீன் பகுதியில் வேற்றுமை உருபுகள் பிழைபட்டுள்ளன. அரமேய வரியோ தயக்கமில்லாத கையால் அழகாக வெட்டப்பட்டுள்ளது. ஆகவே செதுக்கியவர் கிழக்கிலிருந்து வந்தவராக இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகின்றனர். பல்மைராவின் கல்லறைச் சிற்பங்களிலும் கதிரும் கோலும் ஏந்திய பெண்களைக் காணலாம் என்பது இக்கருத்துக்கு வலுவூட்டுகிறது.

சொல்லப்பட்ட விடயத்திலும் வேறுபாடு உண்டு. லத்தீன் பகுதியில் வயதும் இனமும் மனைவி என்ற உறவும் இருக்கின்றன. அரமேய வரியில் அவை எதுவுமே இல்லை. பராதெஸ் விடுவித்த ரெஜினா என்று சொல்லி, 'ஐயோ' என்ற பொருள்படும் ஒரு சொல்லோடு அது முடிந்துவிடுகிறது. ஊர் அறிய வேண்டிய விபரங்களை ஊரின் மொழியில் எழுதியவர், அழுகையை மட்டும் தன் தாய்மொழியில் வைத்திருக்கிறார். அந்த வரியை வாசிக்கக்கூடியவர் டைன் நதிக்கரையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? மிகச் சிலரே. இருந்தும் அவர் எழுதினார்.

அரபு படிக்கும் எம் போன்றவர்களுக்கு இவ்வரியில் ஒரு வியப்பும் காத்திருக்கிறது. விடுதலை பெற்ற பெண் என்பதைக் குறிக்க அதில் 'பத்' என்றும் 'ஹ', 'ர' மெய்களைக் கொண்ட இன்னொரு சொல்லும் வருகின்றன. அரபியில் 'பின்த்' என்றால் மகள். 'ஹுர்' என்றால் சுதந்திரமானவர். அரமேயமும் அரபும் ஒரே செமித்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் வட இங்கிலாந்தில் வெட்டப்பட்ட ஒரு சொல்லின் உறவுச் சொல்லை நாம் மத்ரஸாவில் படித்திருக்கிறோம்.

பல்மைரா எங்கே?

பல்மைராவை அரபு மக்கள் தத்மூர் என்று அழைக்கின்றனர். அது ரோமப் பேரரசுக்கும் பார்த்தியப் பேரரசுக்கும் இடையே, ஒட்டகக் கூட்டங்கள் தங்கிச் செல்லும் வணிக நகராக வளர்ந்தது. அதன் வணிகர்கள் தரையோடு நிற்கவில்லை. எமது இந்து சமுத்திரத்தின் சொகோத்ரா தீவில் உள்ள ஒரு குகையில், இதே பல்மைரா எழுத்தில் கி.பி. 258ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஒரு மரப்பலகை கண்டெடுக்கப்பட்டுள்ளது. ஒரு பாலைவன ஊரின் எழுத்து மேற்கே டைன் நதிக்கும் தெற்கே இந்து சமுத்திரத்துக்கும் போயிருக்கிறது.

அதே நூற்றாண்டில் ஸெனோபியா என்ற அரசி பல்மைராவை ஆண்டு, ரோமையே எதிர்த்து நின்றாள். அவளது பெயர் நாணயங்களில் பொறிக்கப்பட்டது. வரலாற்று நூல்களில் எழுதப்பட்டது. பெயரில் மட்டும் அரசியாக இருந்த ரெஜினாவுக்கோ இந்த ஒரு கல்தான் உண்டு.

2015ஆம் ஆண்டில் பல்மைராவைக் கைப்பற்றிய ஆயுதக் குழு அங்கிருந்த பழம்பெரும் கோயில்களை வெடிவைத்துத் தகர்த்தது. நாற்பது ஆண்டுகளாக அந்நகரின் தொல்பொருட்களுக்குப் பொறுப்பாக இருந்த காலித் அல் அஸ்அத் என்ற முதிய அறிஞர் அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் கொல்லப்பட்டார். மறைத்து வைக்கப்பட்ட தொல்பொருட்கள் எங்கே என்று சொல்ல அவர் மறுத்ததாகச் செய்திகள் கூறின. பழங்காலக் கற்களைக் காப்பது மார்க்கத்துக்கு மாறானது என்று கொலைகாரர்கள் எண்ணினார்கள். தன் ஊரின் வரலாற்றைக் காப்பது தன் மீதுள்ள அமானிதம் என்று வாழ்ந்து காட்டிய அந்த முஸ்லிம் அறிஞரைத்தான் நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். ரெஜினாவின் கல்லில் உள்ள அந்த ஒற்றை வரியை வாசிக்கும் போதெல்லாம் அவரது முகமும் எனக்குத் தோன்றுகிறது.

கல் சொல்லாதது

இக்கல்லைப் பலரும் காதலின் சின்னமாகவே எழுதுகிறார்கள். பராதெஸின் துயரம் உண்மையானது என்றே நானும் நம்புகிறேன். ஆனால் ஒரு மாணவியாக இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டியுள்ளது. இதில் ரெஜினாவின் குரல் எங்கே?

ரோமக் குடிமக்களுக்கான சட்டத்தில், மணம் முடிப்பதற்காக ஓர் ஆண் தன் அடிமைப் பெண்ணை விடுவிக்க இடமிருந்தது. அவ்வாறு தன் எஜமானையே மணந்த பெண், அவரது சம்மதமின்றி விலகி வேறொருவரை மணக்க முடியாது. விடுதலையிலும் ஒரு கயிறு இருந்தது. ரெஜினாவை யார் விற்றார்கள், அவள் விரும்பி மணந்தாளா, நூல் நூற்பது அவளுக்குப் பிடித்த வேலையா அல்லது நல்ல மனைவி என்று காட்டுவதற்காகச் செதுக்கப்பட்ட அடையாளமா, இவற்றில் ஒன்றையும் கல் சொல்லவில்லை. கல்லை எழுதுவித்தவர் கணவர். செதுக்கியவர் சிற்பி. நடுவில் முகமில்லாமல் அவள் இருக்கிறாள்.

அதே நூதனசாலையில் விக்டர் என்ற இளைஞனின் கல்லறைக் கல்லும் உள்ளது. வட ஆபிரிக்காவின் மூர் இனத்தவன். 20 வயதில் இறந்தவன். அவனும் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவனே. அவனை விடுவித்த நுமெரியானஸ் என்ற குதிரைப்படை வீரர் மிகுந்த பரிவோடு அடக்கம் செய்ததாகக் கல் கூறுகிறது. இங்கும் பேசுவது எஜமானின் குரல்தான்.

இதற்கு மாறான ஒரு சான்று அதே எல்லைப் பகுதியில், மேற்கே வின்டோலாண்டா என்ற கோட்டையில் கிடைத்திருக்கிறது. கி.பி. 100ஆம் ஆண்டளவில் கிளவுடியா செவெரா என்ற பெண், தளபதி ஒருவரின் மனைவியான சுல்பிசியா லெபிடினாவைத் தன் பிறந்தநாளுக்கு அழைத்து ஒரு மெல்லிய மரத்தகட்டில் கடிதம் அனுப்பினாள். கடிதத்தின் பெரும்பகுதியை எழுதுநர் ஒருவர் எழுதியிருக்கிறார். இறுதியில் சில அன்பான வரிகளைச் செவெராவே தன் கைப்பட எழுதியிருக்கிறாள். ஒரு பெண் லத்தீனில் கைப்பட எழுதி எமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று. உயர்ந்த கல்லும் இல்லை, சிற்பமும் இல்லை. சில வரிகள்தான். ஆனால் அவை அவளுடையவை.

ரெஜினாவைப் பற்றி ஒருவர் எழுதினார். செவெரா தானே எழுதினாள். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் கல்வி என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

ஒரு தொல்பொருளை வாசிக்கும் முறை

இக்கல்லைப் படித்ததிலிருந்து நூதனசாலையில் எந்தப் பொருளைப் பார்த்தாலும் கேட்கக்கூடிய நான்கு கேள்விகளை நான் என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சக மாணவியருக்கும் அவை உதவலாம்.

1. இதைச் செய்வித்தவர் யார்? செலவு செய்தவரின் விருப்பமே பெரும்பாலும் பொருளில் தெரியும்.

2. யார் பார்ப்பதற்காக, எந்த மொழியில் செய்யப்பட்டது? இரண்டு மொழிகள் இருந்தால் இரண்டும் ஒரே விடயத்தைத்தான் சொல்கின்றனவா?

3. இதில் தெரியும் வேலை என்ன? எழுத்தை வாசிப்பது போலக் கைகளையும் கருவிகளையும் வாசிக்க வேண்டும்.

4. இதில் பேசாமலிருப்பவர் யார்?

இரண்டாவது கேள்வியைப் பயில்வதற்கு நாம் இங்கிலாந்து போக வேண்டியதில்லை. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடைய அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் இருக்கின்றன. காணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு மொழியிலும் போற்றப்படுவது வெவ்வேறு சமயம். கல்விச் சுற்றுலாவில் அதன் முன் நின்று படம் எடுத்துவிட்டு வந்துவிடாமல், ஒரு பத்து நிமிடம் நின்று கேட்டுப் பார்க்கலாமே.

பெற்றோருக்கும் சகோதரிகளுக்கும்

எமது மையவாடிகளில் மீசான் கட்டைகள் பெரும்பாலும் எளிமையானவை. உருவம் செதுக்குவது எம் வழக்கமல்ல. அதுவே எமக்குப் பொருத்தமும் கூட. அப்படியானால் எமது மூதாட்டியரின் வாழ்க்கை எங்கே பதியப்பட வேண்டும்? காகிதத்தில்தான். என் வாப்பாவின் வாப்பாவுக்கு வாப்பா யார் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உம்மாவின் வழியில் மூன்று தலைமுறைக்கு மேல் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்ல எவராலும் முடியவில்லை. அவர்கள் நெல் அவித்திருப்பார்கள், பாய் இழைத்திருப்பார்கள், பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுக் கொடுத்திருப்பார்கள். ஒரு வரியும் மிஞ்சவில்லை.

ஆகவே இவ்விடுமுறையில் ஒரு சிறு வேலையைச் செய்யுமாறு என் சகோதரிகளை அன்போடு கேட்டுக்கொள்கிறேன். வீட்டிலுள்ள மூத்த பெண்மணியின் அருகில் ஒரு கொப்பியோடு உட்காருங்கள். அவரது பெயர், அவரது உம்மாவின் பெயர், பிறந்த ஊர், கையால் செய்த வேலைகள், அவற்றுக்குப் பயன்படுத்திய பொருட்களின் பெயர்கள் ஆகியவற்றை அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். எழுதத் தெரிந்தவராயின் கடைசி வரியை அவரையே எழுதச் சொல்லுங்கள். பெற்றோரே, பரீட்சைக் காலத்தில் இது வீண் வேலை என்று தடுத்துவிடாதீர்கள். இதுவும் வரலாற்றுப் பாடம்தான்.

என் உம்மும்மாவின் பெயரும் அவரது உம்மாவின் பெயரும் என் கொப்பியின் முதல் பக்கத்தில் இருக்கின்றன. பன்பாய்க்குச் சாயம் காய்ச்சும் முறை இரண்டாம் பக்கத்தில் பாதியில் நிற்கிறது. மீதியை அடுத்த வெள்ளிக்கிழமை சொல்வதாகக் கூறியிருக்கிறார்.